கண்ணாடிக் கண்ணும் கறைபடாத குத்துவாளும்

சென்ற மாதம் ஒரு கோப்பிக் கடையில் நண்பர் தன் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். பழம்பொருள் சேகரிப்பவர். தபால்தலை, நாணயம் என்று ஆரம்பித்து இப்போது வாள், குத்துவாளில் வந்து நிற்கிறார். திரையில் ஒரு குத்துவாள் படம். வெளிர்நிறக் கைப்பிடி, பொன்முலாம் பூசிய உறை, அதன்மேல் மகுடம் சூடிய சிங்கம்.

"பல்கேரியா போலீஸ் ஆபிசருங்க பரேடுக்கு இடுப்புல கட்டுனது. ராஜா காலத்து சாமான். லேசுல கெடைக்காது லா" என்றார்.

"இத வச்சி யாரையாவது குத்தியிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

நான் அவரை அவமதித்துவிட்டது போலப் பார்த்தார். "சே, இது சடங்குக் கத்தி. ஒரு கீறல் இருக்கா பாருங்க. அதுக்குத்தான் அந்த வெல."

அவர் சொன்னது சரிதான். அந்தக் கத்தி யாரையும் குத்தியிருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஒரு போலீஸ் அதிகாரியின் ஆயுதம் எதுவுமே செய்யாமல் இருந்ததற்காக அதிக விலை பெறுகிறது. அப்படியென்றால் செய்ய வேண்டியதை எது செய்தது? இந்தக் கேள்வியோடு பல்கேரிய இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த சிலரைத் திரும்பப் படித்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. சேகரிப்பு என்ற பழக்கத்தின் மீதான விமர்சனமாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சேகரிப்பாளர்களின் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய உலகம் சிறியது, ஆனால் கறாரானது. உறையும் கத்தியும் ஒரே ஜோடியா, பட்டறையின் முத்திரை அலகில் இருக்கிறதா, முலாம் பழையதா புதிதாகப் பூசியதா, கைப்பிடியில் வெடிப்பு உண்டா, தொங்கும் குஞ்சம் அந்தக் காலத்துடையதா என்று ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சீருடைக் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பட்டறைகளில் அடிக்கப்பட்டன என்பதும், அந்தப் பட்டறைகளின் முத்திரைகள் எப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறின என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். போலிகள் மலிந்த சந்தை இது. போலியைக் கண்டுபிடிக்க அவர்கள் செலவிடும் உழைப்பில் பாதியை நம்முடைய ஆய்வாளர்கள் செலவிட்டால் நம் இலக்கிய வரலாறு எங்கேயோ போயிருக்கும்.

போலீஸ் அதிகாரியின் கத்தி ஏன் அரிது என்பதை ஊகிப்பதும் கடினமில்லை. ராணுவத்தை ஒப்பிட்டால் போலீஸ் அதிகாரிகளின் எண்ணிக்கை குறைவு. அதோடு 1944 செப்டம்பர் 9ஆம் தேதி பல்கேரியாவில் ஆட்சி கவிழ்ந்தது. பழைய போலீஸ் கலைக்கப்பட்டு 'மக்கள் மிலிஷியா' வந்தது. பழைய போலீஸ் அதிகாரியின் சீருடைப் பொருளை வீட்டில் வைத்திருப்பது, தான் யார் என்று தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். கிணற்றில் போட்டவர்களும் தோட்டத்தில் புதைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆக, இந்தப் பொருளின் அருமைக்குப் பின்னால் இருப்பது பயம். ஆனால் விற்பனைக் குறிப்பில் 'மிக அரிது' என்ற இரண்டு சொற்கள்தாம் இருக்கும்.

சேகரிப்பாளனைப் பற்றி வால்டர் பெஞ்சமின் அளவுக்கு அன்போடு எழுதியவர்கள் குறைவு. 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது எழுதிய கட்டுரை பலருக்குத் தெரிந்திருக்கும். உண்மையான சேகரிப்பாளனுக்கு ஒரு பொருளின் காலம், பிறந்த இடம், கைவினை, முன்பு யாரிடம் இருந்தது என்ற எல்லாம் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியம்போல் ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். இன்னொரு இடத்தில், பொருட்களைப் பயன்பாடு என்ற அடிமைத்தனத்திலிருந்து சேகரிப்பாளன் விடுவிக்கிறான் என்ற பொருளில் எழுதுகிறார். அழகான சிந்தனை. ஒரு பழைய செம்பு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு தட்டச்சு இயந்திரம் என்றால் இது பொருந்தும்.

சடங்குக் குத்துவாளுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். அந்தக் கத்தி பிறக்கும்போதே பயனற்றது. அதை வைத்து ரொட்டிகூட வெட்ட முடியாது. அதற்கு இருந்த ஒரே வேலை, பார்க்கப்படுவது. அணிவகுப்பில் மக்கள் பார்க்க வேண்டும். பார்த்து, இவர் சாதாரண ஆளில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையைத்தான் அது இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் தொடர்ந்து பார்க்கிறது. சேகரிப்பாளர் அதை விடுவிக்கவில்லை. அதற்குப் பணி நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்.

பெஞ்சமின் சொன்ன பட்டியலில் காலம், இடம், கைவினை ஆகிய மூன்றையும் கத்தி சேகரிப்பவர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பேசுவார்கள். நான்காவதாக வரும் 'யாரிடம் இருந்தது' என்பதில் மட்டும் திடீரென்று சுருதி குறையும். தளபதி, இளவரசர் என்று புகழ்பெற்ற பெயராக இருந்தால் விலை ஏறும். சாதாரண போலீஸ் அதிகாரியாக இருந்தால் 'ஓர் அதிகாரியின் குடும்பத்திலிருந்து' என்று முடிந்துவிடும். அந்த அதிகாரி எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன உத்தரவை நிறைவேற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பொருளின் அழகு கெட்டுவிடும்.

சரி, நாம் கேட்டுப் பார்ப்போம்.

கெயோ மிலேவ் 1895இல் பிறந்த பல்கேரியக் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர். முதல் உலகப் போரில் தன் நாட்டு ராணுவத்துக்காகப் போரிட்டு 1917இல் மண்டை ஓட்டில் படுகாயமடைந்து வலது கண்ணை இழந்தவர். பெர்லினில் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவருக்குக் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. 1923 செப்டம்பர் கிளர்ச்சி ரத்தத்தில் நசுக்கப்பட்டதைப் பற்றி 'செப்டம்பர்' என்ற நெடுங்கவிதையை எழுதி, 1924இல் தான் நடத்திய 'பிளாமக்' இதழில் வெளியிட்டார். பிளாமக் என்றால் தீச்சுடர். இதழ் பறிமுதல் செய்யப்பட்டது, வழக்கு வந்தது. 1925 ஏப்ரலில் சோஃபியா நகரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு நாடு முழுக்க வேட்டை தொடங்கியது. மே மாதத்தில் நீதிமன்றம் மிலேவுக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. மறுநாள் போலீஸ் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, சின்ன விசாரணை என்று அழைத்துப் போனார். அவர் திரும்பவில்லை. வயது முப்பது.

கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அவருக்கு என்ன ஆனது என்று குடும்பத்துக்கு எதுவும் சொல்லப்படவில்லை. 1954இல் சோஃபியாவுக்கு அருகே இலியன்சி என்ற இடத்தில் ஒரு கூட்டுப் புதைகுழி தோண்டப்பட்டது. அங்கே கிடந்த மண்டையோடுகளில் ஒன்றில் கண்ணாடிக் கண் இருந்தது. அதை வைத்துத்தான் அது மிலேவ் என்று அடையாளம் கண்டார்கள். கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள்.

கழுத்தை நெரிக்கக் குத்துவாள் தேவையில்லை. நண்பர் சொன்னது எனக்கு இங்கேதான் உறைத்தது. கத்தியில் கீறல் இல்லாதது உண்மை. அந்தக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு வீதியில் நடக்கும் அரசாங்கம், கொலையை வேறு இடத்தில், வேறு பொருளால், விளக்கு அணைத்த பிறகு செய்கிறது. கறைபடாத கத்தியைக் காட்டுவது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

நிக்கோலா வாப்ட்சாரோவ் அடுத்த தலைமுறை. இயந்திரத் தொழிலாளி. 1940இல் வெளிவந்த 'மோட்டார் பாடல்கள்' அவர் வாழ்நாளில் வந்த ஒரே தொகுப்பு. நாஜி ஜெர்மனியோடு அரசு கூட்டுச் சேர்ந்த காலத்தில் தலைமறைவு எதிர்ப்பு வேலையில் இருந்தார். 1942 மார்ச்சில் பிடிபட்டார். போலீஸ் காவலில் சித்திரவதை. ஜூலை 23ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசி நாட்களில் மனைவிக்கு எழுதிய விடைபெறும் கவிதை அந்த மொழியில் இன்றும் பலருக்கு மனப்பாடம். அவரை விசாரித்தவர்களும் விழா நாட்களில் முழுச் சீருடையில் அணிவகுத்திருப்பார்கள் அல்லவா?

இதைவிடக் கனமான ஒரு கேள்வி 1943 மார்ச் மாதத்தைப் பற்றியது. பல்கேரியா தன் எல்லைக்குள் இருந்த ஏறத்தாழ 48,000 யூதர்களை ஹிட்லரிடம் ஒப்படைக்காமல் காப்பாற்றியது என்பது அந்த நாட்டின் பெருமை. நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமித்தர் பெஷெவ் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்து திரட்டியதும், தேவாலயத் தலைவர்கள் குரல் கொடுத்ததும் மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அதே மாதத்தில், அதே அரசு, தான் ஆக்கிரமித்திருந்த திரேஸ், மாசிடோனியா, பிரோட் பகுதிகளின் யூதர்களை, 11,300 பேருக்கும் மேல், பிடித்துக் கொடுத்தது. ஸ்கோப்யேவில் ஒரு புகையிலைக் கிடங்கில் ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்தார்கள். திரேஸ் யூதர்களை ரயிலில் டான்யூப் கரைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றினார்கள். எல்லாருக்கும் கடைசி நிறுத்தம் டிரெப்ளிங்கா. விடியுமுன் கதவைத் தட்டியவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். பல்கேரியப் போலீசும் ராணுவமும்.

நண்பர் காட்டிய கத்தியை இடுப்பில் கட்டியவர் 1943 மார்ச்சில் எங்கே இருந்தார்? ஒருவேளை ஏதோ ஒரு சின்ன ஊரில் சைக்கிள் திருடனைத் துரத்திக்கொண்டிருந்திருக்கலாம். ஒருவேளை அந்தக் கிடங்கின் வாசலில் நின்றிருக்கலாம். முத்திரையின் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஆராயத் தெரிந்த ஒரு துறைக்கு, இந்தக் கேள்வி கேட்கத் தகுந்ததாகத் தோன்றாததுதான் என் குற்றச்சாட்டு.

எலியாஸ் கனெட்டி 1905இல் பிறந்தது பல்கேரியாவின் ரூசே நகரில். டான்யூப் கரையில், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்த குடும்பம். ஆறு வயதில் நாட்டை விட்டுப் போனவர், ஜெர்மன் மொழியில் எழுதி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஒரே நாவலின் நாயகன் புத்தகங்களைச் சேர்த்துச் சேர்த்து, உலகத்தைத் தொலைத்து, கடைசியில் அந்தப் புத்தகங்களோடு எரிந்து போகிற ஓர் அறிஞன். சேகரிப்பு எந்த இடத்தில் நோயாகிறது என்று கனெட்டிக்குத் தெரிந்திருந்தது. 1960இல் வந்த 'கூட்டமும் அதிகாரமும்' நூலில் அவர் கட்டளையைப் பற்றி ஒரு வாதம் வைக்கிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் அடியில் ஒரு மரண மிரட்டல் இருக்கிறது. பழகிய பிறகு அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கட்டளைக்குப் பணிந்தவனுக்குள் அது ஒரு முள்ளாகத் தங்கிவிடுகிறது என்பது அதன் சாரம்.

அந்த மரண மிரட்டலை நாகரிகமான பொருளாகச் செய்ய வேண்டுமென்றால் அது சடங்குக் குத்துவாள் போலத்தான் இருக்கும். பொன்முலாம், சிங்கம், குஞ்சம். 'உன்னைக் கொல்ல எனக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இன்றைக்கு விழா' என்று அது சொல்கிறது. கத்தி அதிகாரியிடம் இருந்தது. முள் கதவு தட்டப்பட்ட வீடுகளில் இருந்தது. சந்தைக்கு வந்தது கத்தி மட்டும்.

இதைச் சொல்லும்போது இடதுசாரி நண்பர்கள் சிலர் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1944க்குப் பிறகு வந்த மக்கள் நீதிமன்றம் 2,700க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தது. டான்யூப் நடுவில் பெலேனே தீவில் முகாம் வந்தது. பிறகு லோவெச் முகாம் வந்தது. மிலேவின் பெயரிலும் வாப்ட்சாரோவின் பெயரிலும் தெருக்களையும் பள்ளிகளையும் திறந்த அரசுதான் இவற்றையும் நடத்தியது. அதிகாரிகளுக்கு அணிவகுப்புக் குத்துவாளும் திரும்ப வந்தது. இந்த முறை சோவியத் சாயலில். மகுடம் போனது, நட்சத்திரம் வந்தது, இடுப்பு மாறவில்லை.

1978 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டனில் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்குக் காத்திருந்த எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் தொடையில் ஏதோ சுருக்கென்று குத்தியது. திரும்பிப் பார்த்தபோது ஒருவர் கீழே விழுந்த குடையை எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நாட்களில் மார்க்கோவ் இறந்தார். குண்டூசித் தலை அளவுக்கு ஓர் உலோக உருண்டை, அதற்குள் ரிசின் விஷம். 1969இல் நாட்டை விட்டு வந்து, வானொலியில் தன் நாட்டு ஆட்சியாளர்களைப் பற்றித் தொடர்ந்து பேசியவர் அவர். செப்டம்பர் 7 அதிபர் ஷிவ்கோவின் பிறந்தநாள். இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. 2013இல் கால வரம்பு முடிந்ததென்று பல்கேரியாவில் விசாரணையை மூடிவிட்டார்கள்.

கம்பி, துப்பாக்கி, ரயில் பெட்டி, குடை. இந்த அரசுகள் உண்மையில் பயன்படுத்திய கருவிகள் இவைதாம். இவற்றில் எதுவும் கண்ணாடிப் பெட்டிக்கு வருவதில்லை.

இங்கேதான் கியோர்கி கோஸ்போதினோவ் முக்கியமானவராகிறார். ஏஞ்சலா ரோடல் மொழிபெயர்ப்பில் 2023இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற 'காலப் புகலிடம்' நாவலின் ஆசிரியர். ஞாபகம் அழிந்துகொண்டிருக்கும் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை; ஒவ்வொரு தளமும் ஒரு பத்தாண்டு; அந்தக் காலத்துச் சுவர்த்தாள், சிகரெட், செய்தித்தாள் எல்லாம் அச்சு அசலாக. பிறகு நாடுகளே எந்தப் பத்தாண்டுக்குத் திரும்புவது என்று வாக்கெடுப்பு நடத்தும் அளவுக்கு அந்த நோய் பரவுகிறது. நாவலின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகளை வரிசையாக எடுத்துப் பேசும் இடங்கள் எனக்குச் சலிப்பாக இருந்தன. புத்திசாலித்தனம் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் முற்பகுதியில் ஒரு சின்ன அத்தியாயத்துக்காகவே அதை யாரும் படிக்கலாம்.

தன் வாழ்க்கையையே மறந்துவிட்ட ஒருவர். அவரை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள், முன்பு அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்த உளவாளி. அந்த ஆள் வந்து உட்கார்ந்து, நீங்கள் என்ன சட்டை போட்டிருந்தீர்கள், எந்தப் பெண்ணைச் சந்தித்தீர்கள் என்று சொல்லச் சொல்ல, மறந்தவர் தன் வாழ்க்கையைத் திரும்பப் பெறுகிறார். இரை தன் கதையை வேட்டைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை. பல்கேரியக் குத்துவாள் சேகரிப்பின் மொத்த அவலமும் எனக்கு இந்தக் காட்சியில் தெரிந்தது. வேட்டைக்காரனின் பொருட்கள் பத்திரமாக இருக்கின்றன. வேட்டையாடப்பட்டவனின் காலத்தை அந்தப் பொருட்கள் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம்.

கோஸ்போதினோவ் தானே ஒரு சேகரிப்பாளர். 2006இல் யானா கெனோவாவுடன் சேர்ந்து 'சோஷலிசத்தின் பொருட்பட்டியல்' என்ற நூலைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து அன்றாடப் பொருட்கள்தான் அதில். அதே ஆண்டில் சாதாரண மக்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்ன 171 கதைகளையும் தொகுத்தார். பொருளையும் கதையையும் அவர் பிரிக்கவில்லை. சேகரிப்பு தவறென்று நான் சொல்லவில்லை. இப்படியும் சேகரிக்கலாம் என்கிறேன்.

"நாங்க காப்பாத்தலன்னா இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்" என்பது சேகரிப்பாளர்களின் வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆட்சி மாறும்போதெல்லாம் முந்தைய ஆட்சியின் தடயங்களை அழிப்பதில் அரசுகள் சளைத்தவை அல்ல. 1949இல் ஆறே நாளில் கட்டி எழுப்பிய திமித்ரோவ் கல்லறை மண்டபத்தை 1999இல் வெடிவைத்துத் தகர்த்தது சோஃபியா. முதல் வெடிக்கு அது விழவில்லை, சாய்ந்து நின்றது. இடித்துவிட்டால் மறந்துவிடலாம் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஆகவே கத்தியை வைத்திருங்கள். ஆனால் அதோடு அதன் கேள்வியையும் வைத்திருங்கள்.

நம் ஊர் வாசகருக்கு இதை விளக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஜப்பானிய அதிகாரிகளின் வாள்கள் உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் எண்ணெய் பூசிப் பாதுகாக்கப்படுகின்றன. சயாம் ரயில் பாதைக்குப் போன நம் தோட்டத்து ஆட்களில் பலருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது.

எழுத ஆரம்பித்த பிறகு நண்பரை மறுபடி சந்தித்தேன். மிலேவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோப்பி ஆறிப் போயிருந்தது.

"அந்தக் கண்ணாடிக் கண்ணு உண்மையில இருக்கா?" என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ள முப்பது வருசம் இருந்திருக்கு" என்றேன்.

கத்தியை வாங்குவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விற்பவருக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதியிருக்கிறார். அதை எனக்கும் காட்டினார். முத்திரை, முலாம், குஞ்சம் பற்றிய வழக்கமான கேள்விகளுக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது: இதை அணிந்திருந்தவர் எந்த ஊரில் வேலை பார்த்தார், 1943இல் அவருக்கு என்ன பணி?

இன்னும் பதில் வரவில்லை.